ரெட்ஸோன் திரையை ஆட்டத்துக்கே விட்டுவிடுங்கள்: ஒரு திறந்த மடல்

பெறுநர்: என்.எஃப்.எல். (அமெரிக்கத் தேசியக் கால்பந்துக் கூட்டமைப்பு) அமைப்பின் ஊடகப் பிரிவை நிர்வகிப்போருக்கும், ரெட்ஸோன் அலைவரிசையின் தயாரிப்புக் குழுவினருக்கும்

மதிப்பிற்குரியீர்,

வணக்கம்.

டெக்சஸ் மாநிலத்தில், டல்லாஸ் நகருக்கு வடக்கே ஒரு புறநகரில் பதினான்கு ஆண்டுகளாகக் குடியிருக்கும் தமிழன் நான். செப்டம்பர் மாதம் தொடங்கி ஜனவரி முதல் வாரம் வரை, ஞாயிற்றுக்கிழமை நண்பகல் பன்னிரண்டு மணிக்குமேல் எங்கள் வீட்டில் வேறு வேலை எதையும் வைத்துக்கொள்வதில்லை. விருந்துக்கு அழைப்பவர்களுக்கும் அது தெரியும். அந்த நேரத்தில் எங்கள் தொலைக்காட்சியில் ஓடுவது, ஒருசேர நடக்கும் அமெரிக்கக் கால்பந்து ஆட்டங்களின் முக்கியக் கணங்களைத் தாவித் தாவிக் காட்டும் உங்கள் ரெட்ஸோன். இந்த மடல் உங்கள் மேசைக்கு வந்தால், யாரேனும் ஒருவர் இதை மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும் என்பதை அறிவேன். ஆனாலும் இந்த ஆட்டத்தை நான் மனத்தில் வாங்கிக்கொண்டதும், பின்னர் மனைவிக்கும் மகளுக்கும் விளக்கிச் சொன்னதும் தமிழில்தான் என்பதால், அதைப் பற்றிய என் முறையீடும் தமிழில் இருப்பதே பொருத்தம் என்று எண்ணுகிறேன். இதே ஒளிபரப்பைப் பார்க்கும் தமிழர்கள் இந்நாட்டில் பலர் உண்டு. அவர்களும் இதைப் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

உங்கள் அலைவரிசை 2009 செப்டம்பர் 13 அன்று தொடங்கியது. அன்று முதல் அதை முன்னின்று நடத்திவரும் ஸ்காட் ஹான்சன், முதல் ஆட்டங்கள் தொடங்கும் தறுவாயில் ஒரு வாக்கியத்தைச் சொல்வார்: விளம்பரமே இல்லாத ஏழு மணி நேரக் கால்பந்து இப்போது தொடங்குகிறது. பல ஆண்டுகளாக ஞாயிறுதோறும் நாங்கள் காத்திருந்து கேட்ட வாக்கியம் அது. 2024 டிசம்பரில் ஒரு ஞாயிறன்று, திரையைப் பிரித்து ஆட்டத்துக்குப் பக்கத்தில் விளம்பரத்தை ஓடவிட்டுச் சோதித்துப் பார்த்தீர்கள். 2025 பருவத்தில் அது நிலையான ஏற்பாடாயிற்று. அந்தப் பருவத்தின் முதல் ஞாயிறன்று, ஹான்சனின் வாக்கியத்திலிருந்து ‘விளம்பரமே இல்லாத’ என்ற சொற்கள் நீங்கி, அவை இருந்த இடத்தில் ரெட்ஸோன் என்ற பெயர் மட்டும் நின்றது. உண்மையல்லாத ஒன்றைச் சொல்ல அவர் விரும்பவில்லை என்பதை நான் மதிக்கிறேன். நான் உங்களிடம் கேட்பது ஒன்றே: அந்தச் சொற்களை அவர் மீண்டும் மனச்சான்றோடு சொல்லும்படி, திரை முழுவதையும் ஆட்டத்துக்கே விட்டுவிடுங்கள்.

இந்த ஆட்டத்தை அறியாத தமிழ் வாசகர்களுக்காகச் சில வரிகள் எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கக் கால்பந்தின் ஆடுகளம் 100 கெஜம் நீளமுள்ளது. இரு முனைகளிலும் பத்துப் பத்துக் கெஜத்தில் எண்ட் ஸோன் என்ற பகுதி உண்டு. எதிரணியின் எண்ட் ஸோனுக்குள் பந்தைக் கொண்டுசேர்த்தால் அது டச் டவுன், ஆறு புள்ளி. எல்லைக்கு முந்தைய கடைசி 20 கெஜத்துக்கு ரெட் ஸோன், அதாவது சிவப்புப் பகுதி, என்று பெயர். ஞாயிறு நண்பகலில், எங்கள் நேரப்படி பன்னிரண்டு மணிக்கு, ஏழெட்டு ஊர்களில் ஒரே சமயத்தில் ஆட்டம் தொடங்கும். மூன்று மணிக்குமேல் அடுத்த வரிசை தொடங்கும். சாதாரணத் தொலைக்காட்சியில் ஒரு நேரத்தில் ஓர் ஆட்டத்தைத்தான் பார்க்கலாம். ரெட்ஸோன் அலைவரிசையோ எல்லா ஊர்களையும் ஒருசேரக் கவனித்து, எங்கே பந்து எல்லையை நெருங்குகிறதோ, எங்கே ஆட்டத்தின் போக்கு மாறப்போகிறதோ அங்கே நம்மை அழைத்துச் செல்கிறது. இந்த எண்ணம் உங்களோடு மட்டும் பிறந்ததல்ல. செயற்கைக்கோள் தொலைக்காட்சி நிறுவனமான டைரக்டிவி 2005இலேயே இப்படியோர் அலைவரிசையை ஆண்ட்ரூ சிசிலியானோ என்ற தொகுப்பாளரைக் கொண்டு நடத்தத் தொடங்கிவிட்டது. இத்தாலியர்கள் 1960 முதலே தங்கள் கால்பந்து (நாமறிந்த உதைபந்து) ஆட்டங்களை வானொலியில் ஊர் ஊராகத் தாவித் தாவிக் கேட்டு வந்திருக்கிறார்கள். ஆனாலும் அதை இவ்வளவு நேர்த்தியான கலையாக வளர்த்தெடுத்தவர்கள் நீங்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கை அமெரிக்காவில் ஒளிபரப்பியவர்கள் இதே பாணியில் ஒரு நிகழ்ச்சியை நடத்தியபோது, ஹான்சனையும் சிசிலியானோவையும் தேடி அழைத்ததே அதற்குப் போதிய சான்று.

நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில், அலுவலகத்தில் என்னிடம் அடிக்கடி கேட்கப்பட்ட கேள்வி ‘உங்கள் அணி எது?’ என்பது. கேட்டவர்கள் அன்பாகத்தான் கேட்டார்கள். பதில்தான் என்னிடம் இல்லை. இங்கே ஒருவர் ஓர் அணியைச் சேர்ந்தவராக இருப்பது பெரும்பாலும் பிறந்த ஊராலும் தகப்பன் வழியாலும் வருவது. கிரீன் பேயில் பிறந்தவருக்கு அது தேர்ந்தெடுக்கும் காரியமே அல்ல. குலதெய்வம் போல முன்பே தீர்மானமானது. மதுரைப் பக்கத்திலிருந்து வந்தவனுக்கு இந்த 32 அணிகளில் எதுவும் பிறப்புரிமையாக வாய்க்கவில்லை. உள்ளூர் அலைவரிசையில் டல்லாஸ் கவ்பாய்ஸ் ஆடுவதை முழுமையாகப் பார்க்க முயன்றேன். ஒரு மோதல், பிறகு இடைவெளி. ஒரு டச் டவுன், உடனே விளம்பரம். பந்தை எதிரணிக்கு உதைத்துக் கொடுத்ததும் மறுபடி விளம்பரம். மூன்று மணி நேரத்துக்கும் மேல் நீளும் ஒளிபரப்பில் பந்து உண்மையில் ஆட்டத்தில் இருக்கும் நேரம் ஏறத்தாழ 11 நிமிடம்தான் என்று 2010இல் ஓர் அமெரிக்க நாளேடு கணக்கிட்டு எழுதியது. ஆட்டத்தை அறிந்தவருக்கு அந்த இடைவெளிகளிலும் பொருள் உண்டு. அறியாதவருக்கு அவை வெறும் மூடுதிரை. நான் இரண்டு மாதம் பார்த்தும் எதற்காக மக்கள் எழுந்து நிற்கிறார்கள் என்பதே பிடிபடவில்லை.

பிறகு ஒரு நண்பர் வீட்டில் ரெட்ஸோன் பார்த்தேன். ஒரே பிற்பகலில் முப்பது நாற்பது முறை பந்து எல்லையை நெருங்குவதைக் கண்ட பின், விதிகளைத் தனியாகப் படிக்க வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. நான்கு முயற்சிகளுக்குள் பத்துக் கெஜம் முன்னேற வேண்டும் என்ற விதி எனக்குப் புத்தகத்தில் வெறும் கணக்காக இருந்தது. எல்லைக்கோட்டுக்கு ஒரு கெஜம் முன்னால், நான்காவது முயற்சியில், மூன்று புள்ளிக்கு உதைத்துவிடலாமா, ஆறு புள்ளிக்குத் துணியலாமா என்று ஒரு பயிற்சியாளர் முகத்தைச் சுளித்து நிற்பதை ஐந்தாறு ஊர்களில் ஐந்தாறு விதமாகப் பார்த்தபோதுதான் அது நாடகமாயிற்று. அதைவிடப் பெரிதாக இன்னொன்றும் நிகழ்ந்தது. எனக்கென்று அணி இல்லாத குறை நீங்கியது. ஜாக்சன்வில்லும் சியாட்டிலும் பிட்ஸ்பர்க்கும் எனக்கு ஒரே நாளில் அறிமுகமாயின. தோற்றுக்கொண்டே இருக்கும் அணிகளின் கடைசி நேரப் போராட்டங்களுக்கும் உங்கள் திரையில் இடம் இருந்தது. நட்சத்திர வீரர் இல்லை, பெரிய நகரம் இல்லை என்பதற்காக யாரும் ஒதுக்கப்படவில்லை. பந்து எல்லையை நெருங்கினால் போதும், திரை அங்கே வந்துவிடும். எந்த ஊரையும் தன் ஊராகக் கொள்ள முடியாமல் வந்தவனுக்கு, எல்லா ஊரையும் ஒரே வீட்டுக்குள் கொண்டுவந்து கொடுத்த ஒளிபரப்பு அது. அலுவலகத்தில் இப்போது அந்தக் கேள்வியைக் கேட்டால், எனக்கு எல்லா அணியும் வேண்டும் என்று சொல்கிறேன். சொல்லும்போது முழு மனத்தோடுதான் சொல்கிறேன்.

இந்த ஒளிபரப்பின் உயிர் எங்கே இருக்கிறது என்று நான் நெடுநாள் யோசித்திருக்கிறேன். வேகத்தில் இல்லை என்பது என் முடிவு. வேகம் மட்டும் போதுமென்றால், இரவில் தொகுத்துத் தரப்படும் சுருக்கக் காட்சிகளே போதும். உங்கள் தயாரிப்பு அறையில் அமர்ந்திருப்பவர்கள் எல்லா ஆட்டங்களையும் ஒரே நேரத்தில் பார்த்துக்கொண்டு, எங்கே போகலாம், எதை இன்னும் பத்து நொடி பொறுக்கலாம் என்று விடாமல் முடிவெடுக்கிறார்கள். அந்த முடிவுக்கு ஒரே அளவுகோல், ஆட்டத்தில் அந்தக் கணத்தின் கனம். நியூ ஆர்லியன்ஸிலிருந்து திடீரென்று கிளீவ்லாந்துக்குத் தாவினால், அங்கே ஏதோ நடக்கப்போகிறது என்று நான் ஏன் என்று கேட்காமலேயே நிமிர்ந்து உட்காருகிறேன். இரண்டு ஊரில் ஒரே நொடியில் டச் டவுன் விழுந்தால், ஒன்றை நேரடியாகக் காட்டிவிட்டு, மற்றது சற்றுமுன் நடந்தது என்று ஹான்சன் வெளிப்படையாகச் சொல்லி அடுத்ததைக் காட்டுகிறார். பழையதைப் புதியதென்று ஏமாற்றுவதில்லை. ஏழு மணி நேரம் பெரும்பாலும் இடத்தைவிட்டு நகராமல், எந்த ஊரில் எத்தனையாவது முயற்சி, எத்தனை கெஜம், எத்தனை நொடி என்று அவர் கோத்துக்கொண்டே போவது, ஒரு வித்துவான் தாளத்தைக் கைவிடாமல் கச்சேரியை நடத்திச் செல்வதற்கு ஒப்பானது. இந்த நேர்மையின்மீது எழுந்ததே பார்வையாளரின் நம்பிக்கை. திரை எங்கே போனாலும் ஆட்டம் அழைத்ததால்தான் போயிற்று என்பது எங்களுக்கு நிச்சயம்.

விளம்பரம் எத்தனை சிறியதாயினும் எத்தனை நொடியே ஆயினும், தைப்பது அந்த நிச்சயத்தைத்தான். திரையின் ஒரு பகுதிக்கு அளவுகோல் ஆட்டத்தின் கனம். பக்கத்துப் பகுதிக்கு அளவுகோல் கொடுத்த பணம். இவ்விரண்டும் ஒரே திரையில் அடுத்தடுத்து நின்றபின், பார்ப்பவர் மனத்தில் இதுவரை இல்லாத ஒரு கேள்வி எழும்: இப்போது திரை பிரிந்தது ஆட்டம் தளர்ந்ததாலா, விளம்பரத்துக்கு நேரம் வந்ததாலா? ஆட்டத்தைச் சுருக்கி ஓரத்தில் வைத்த அந்த நேரத்தில் மூன்றாவது ஊரில் என்ன நடக்கிறது? நீங்கள் உண்மையாகவே ஆட்டத்தின் நலனைக் கருதி முடிவெடுத்திருந்தாலும், அதை நம்ப எங்களுக்கு இனிமேல் ஆதாரம் வேண்டும். முன்பு வேண்டியிருக்கவில்லை.

ஆட்டம் சற்று ஓய்ந்திருக்கும் வேளையில்தானே விளம்பரத்தைக் காட்டுகிறோம் என்று நீங்கள் சொல்லக்கூடும். அதற்கு 2022 நவம்பர் 13 அன்று பஃபலோ நகரில் நடந்ததை நினைவூட்ட விரும்புகிறேன். மினசோட்டா வைக்கிங்ஸ் அணி பஃபலோ பில்ஸ் அணியிடம் ஒரு கட்டத்தில் 27–10 என்று பின்தங்கியிருந்தது. கடைசி இரண்டு நிமிடத்தில், நான்காவது முயற்சியில், 18 கெஜம் தேவைப்பட்ட நிலையில், ஜஸ்டின் ஜெஃபர்சன் எதிராளியின் கைக்குள் போய்விட்ட பந்தை ஒற்றைக் கையால் பறித்துக்கொண்டு தரையில் விழுந்தார். அந்தப் பிடியால் வைக்கிங்ஸ் எல்லை வரை வந்தார்கள். வந்தும், கடைசி முயற்சியில் ஒரு கெஜத்துக்கும் குறைவான தூரத்தைக் கடக்க முடியாமல் தடுக்கப்பட்டார்கள். பில்ஸ் 27–23 என்று முன்னணியில். மீதம் 49 நொடி. பந்து பில்ஸ் கையில். கைக்கெட்டியது வாய்க்கெட்டாமல் போயிற்று என்று யாரும் சொல்லியிருப்பார்கள். விளம்பரத்துக்கு இதைவிட ஓய்ந்த வேளை, இதைவிடப் பாதுகாப்பான வேளை, வேறு கிடைக்காது. பில்ஸ் செய்ய வேண்டியிருந்ததெல்லாம் பந்தை வாங்கி இரண்டடி முன்னால் சாய்வது மட்டுமே. பந்தை வாங்கிய ஜாஷ் ஆலனின் கையிலிருந்து அது நழுவியது. எண்ட் ஸோனுக்குள்ளேயே வைக்கிங்ஸின் எரிக் கெண்ட்ரிக்ஸ் அதன்மேல் விழுந்தார். வைக்கிங்ஸுக்கு டச் டவுன். அதன் பிறகும் முடியவில்லை. பில்ஸ் இரண்டு நொடி மீதமிருக்கும்போது ஃபீல்டு கோல், அதாவது மூன்று புள்ளி தரும் உதை, உதைத்துச் சமன் செய்தார்கள். கூடுதல் நேரத்தில் வைக்கிங்ஸ் மூன்று புள்ளி எடுத்தார்கள். பில்ஸ் எல்லையை நெருங்கி வந்து வீசிய பந்தை எண்ட் ஸோனில் வைக்கிங்ஸின் பாட்ரிக் பீட்டர்சன் பிடித்த பின்னரே 33–30 என்று ஆட்டம் முடிந்தது.

இதை விரிவாக எழுதியதற்குக் காரணம் உண்டு. இந்த ஆட்டத்தில் ஓய்ந்த வேளை எது என்பது அது கடந்த பிறகுதான் தெரியும். 1978 நவம்பர் 19 அன்று நியூ ஜெர்சியில், நியூயார்க் ஜயண்ட்ஸ் அணி 17–12 என்று முன்னணியில் இருந்துகொண்டு, கடிகாரத்தை ஓடவிட்டாலே வெற்றி என்ற நிலையில் பந்தைத் தவறவிட்டது. ஃபிலடெல்ஃபியாவின் ஹெர்மன் எட்வர்ட்ஸ் அதை எடுத்துக்கொண்டு ஓடி ஆட்டத்தையே மாற்றினார். 2018 டிசம்பர் 9 அன்று மயாமியில், ஏழு நொடி மீதமிருக்க, எல்லைக்கு 69 கெஜம் தொலைவிலிருந்து, பந்தை ஒருவர் ஒருவராகக் கைமாற்றி மயாமி டால்ஃபின்ஸ் அணியினர் டச் டவுன் போட்டு, நியூ இங்கிலாந்து அணியை 34–33 என்று வென்றார்கள். பந்து சிவப்புப் பகுதிக்கு அருகில்கூட இல்லை. தூரத்தையும் கடிகாரத்தையும் பார்த்து, இனி ஒன்றுமில்லை என்று திரையை வேறு காரியத்துக்குக் கொடுக்கக்கூடிய இடம் இந்த ஆட்டத்தில் எனக்குத் தெரிந்து இல்லை.

இதை உங்கள் அமைப்பைவிட நன்றாக அறிந்தவர்கள் யார்? 1968 நவம்பர் 17 அன்று, நியூயார்க் ஜெட்ஸ் அணிக்கும் ஓக்லாந்து ரெய்டர்ஸ் அணிக்கும் நடந்த ஆட்டத்தில் ஜெட்ஸ் 32–29 என்று முன்னணியில் இருக்க, ஏறக்குறைய ஒரு நிமிடமே மீதமிருந்தபோது, இரவு ஏழு மணி ஆகிவிட்டது என்று தொலைக்காட்சி நிறுவனம் ஆட்டத்தை வெட்டிவிட்டுச் சிறுவர்களுக்கான படம் ஒன்றைப் போட்டது. அந்த ஒரு நிமிடத்துக்குள் ரெய்டர்ஸ் இரண்டு டச் டவுன் போட்டு 43–32 என்று வென்றார்கள். நாட்டின் கிழக்குப் பாதியில் இருந்த ரசிகர்கள் அதைப் பார்க்கவில்லை. தொலைபேசி இணைப்பகமே திணறும் அளவுக்கு அழைத்துக் கேட்டார்கள். ஆட்டத்தை அது முடியும் வரை காட்ட வேண்டும் என்ற ஒழுங்கு அமெரிக்கத் தொலைக்காட்சியில் உறுதிப்பட்டது அந்த நாளுக்குப் பிறகுதான். அன்று வெட்டியவர்களும் கெட்ட எண்ணத்தோடு வெட்டவில்லை. கால அட்டவணை ஆட்டத்தைவிட முக்கியம் என்று நினைத்தார்கள், அவ்வளவே.

செலவுக்குப் பணம் வேண்டாமா என்ற கேள்வியையும் நான் தட்டிக்கழிக்கப் போவதில்லை. இது இலவச ஒளிபரப்பல்ல; நாங்கள் சந்தா கட்டித்தான் பார்க்கிறோம், மகிழ்ச்சியோடு கட்டுகிறோம். சாதாரண ஒளிபரப்பில் விளம்பரம் இருப்பதைப் பற்றி எனக்கு முறையீடு இல்லை. காசில்லாமல் பார்க்கும் கோடிக்கணக்கானவர்களுக்காக அது இருந்தாக வேண்டும். ஆனால் 2021இல் உங்கள் அமைப்பு கையெழுத்திட்ட ஒளிபரப்பு உரிமை ஒப்பந்தங்களின் மதிப்பு, பதினொரு ஆண்டுக்கு 10,000 கோடி டாலரைத் தாண்டியது. அவ்வளவு பெரிய வருவாய்க்கு நடுவே, விளம்பரம் நுழையாத ஒரே மூலையாக ரெட்ஸோனை வைத்திருப்பது உங்களால் இயலாத காரியம் அல்ல. இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டிருந்தால் என்னைப் போன்றவர்கள் கொடுத்திருப்போம். எங்களிடம் அப்படியொரு தெரிவை வைக்கவே இல்லை என்பதுதான் என் வருத்தம். இப்போது விளம்பரங்கள் சிலவே, குறுகியவையே என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவான் என்று எங்கள் மொழியில் ஒரு பழமொழி உண்டு. தொலைக்காட்சி வரலாற்றில் விளம்பரம் தானாகக் குறைந்த இடத்தை நான் கண்டதில்லை. அதனால்தான் அது சிறியதாக இருக்கும்போதே எழுதுகிறேன்.

எட்டுப் பெட்டிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எட்டு ஆட்டங்கள் ஒருசேர நடக்கும் ஞாயிறுகளில், திரையை எட்டாகப் பிரித்து எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் காட்டுவீர்கள். எங்கள் வீட்டில் அந்தக் காட்சி வந்ததும் மகளும் நானும் ஆளுக்கு நான்கு பெட்டியாகப் பங்குபோட்டுக்கொள்வோம். தன் பெட்டியில் பந்து நகர்ந்தால் அவள் எழுந்து நின்றுவிடுவாள். அவள் அமெரிக்க மாநிலங்களின் பெயர்களையும் ஊர்களையும் பள்ளிக்கூடத்தில் கற்பதற்கு முன்பே இப்படித்தான் கற்றாள். டென்வரில் பனி பெய்யும் அதே நேரத்தில் டாம்பாவில் வீரர்கள் வெயிலில் வியர்த்து நிற்பதைப் பார்த்து, இது ஒரே நாடா என்று வியந்து கேட்டாள். எங்கள் திரையை முதலில் பிரித்தவர்கள் நீங்கள். இன்னும் ஓர் ஆட்டத்தைச் சேர்த்துக் காட்டுவதற்காகப் பிரித்தீர்கள். பிரிந்த திரைக்கு எங்கள் மனத்தில் இருக்கும் பொருள் அதுதான்: இன்னோர் ஊர், இன்னோர் ஆட்டம். அதே பிரிப்பை ஒரு பொருளை விற்கப் பயன்படுத்தும்போது, நீங்களே ஒன்றரைப் பத்தாண்டு காலம் எங்களுக்குக் கற்பித்த ஒரு மொழியின் பொருளை மாற்றுகிறீர்கள்.

இந்தப் பாணியில் குறையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. எல்லையை நெருங்கும் கணங்களை மட்டும் பார்ப்பவருக்கு, அங்கே வருவதற்காக முன்வரிசையில் ஐந்து பேர் அறுபது எழுபது முறை முட்டி மோதிய பாடு தெரியாமல் போகலாம். நானும் மாதம் ஒருமுறையாவது ஓர் ஆட்டத்தை முதலிலிருந்து கடைசி வரை பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டது அதற்காகத்தான்.

சூதாட்டத்தைப் பற்றி ஒரு தகப்பனாகச் சொல்கிறேன். 2018 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பின், விளையாட்டின்மீது பந்தயம் கட்டுவது மாநிலம் மாநிலமாகச் சட்டப்படி பரவியிருக்கிறது. 1962இல் ஓக்லாந்தைச் சேர்ந்த சிலர் தங்களுக்குள் விளையாடுவதற்காக வகுத்த ஃபேன்டசி கால்பந்து, அதாவது உண்மையான வீரர்களைக் கொண்டு கற்பனை அணி அமைத்து அவர்கள் ஆட்டத்தைப் புள்ளிகளாக்கிப் போட்டியிடுவது, வீரர்களின் ஆட்டத்தைக் கூர்ந்து கவனிக்க வைத்த நட்பான விளையாட்டு. உங்கள் அலைவரிசை அதற்குப் பெருந்துணையாக இருந்தது, அதில் தவறில்லை. ஆனால் ஒவ்வொரு டச் டவுனும் யாரோ ஒருவருக்குப் பணமாக மாறும் காலத்தில், எந்தக் கணத்தைக் காட்டுவது என்று தேர்ந்தெடுக்கும் அறை முழுத் தூய்மையோடு இருப்பது முன்னைவிடப் பன்மடங்கு அவசியம். அந்த அறைக்குப் பக்கத்துப் பெட்டி பந்தய நிறுவனங்களுக்கு ஒருபோதும் விற்கப்படக் கூடாது. பிள்ளைகள் பார்க்கிறார்கள்.

2025 ஆகஸ்டில் ஈஎஸ்பிஎன் என்ற விளையாட்டு ஒளிபரப்பு நிறுவனத்துடன் நீங்கள் அறிவித்த ஒப்பந்தப்படி, ரெட்ஸோனை வீடுகளுக்குக் கொண்டுசேர்க்கும் பொறுப்பின் ஒரு பகுதி அவர்களிடம் போகிறது. அலைவரிசையின் உரிமையும் தயாரிப்பும் உங்களிடமே தொடரும் என்று அப்போது கூறினீர்கள். அதனால்தான் இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறேன். என்ன காட்டுவது என்ற முடிவு உங்கள் கையில் இருக்கும்வரை, என்ன காட்டாமல் விடுவது என்ற முடிவும் உங்கள் கையில்தான்.

விளம்பரத்தை முழுவதும் விலக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை. உடனடியாக அது முடியாதென்றால், முடியும் நாள்வரை இவற்றையேனும் எழுத்தில் உறுதி செய்யுங்கள். முதல் வரிசை ஆட்டங்கள் முடிவை நெருங்கும் அந்த ஒரு மணி நேரத்தில், வெற்றி தோல்வியாகவும் தோல்வி வெற்றியாகவும் மாறும் வேளை என்று ஹான்சன் தம் வாயால் அறிவிக்கும் அந்த நேரத்தில், ஒரு நொடி விளம்பரமும் வரக் கூடாது. எந்த ஊரிலாவது பந்து 20 கெஜத்துக்குள் இருக்குமானால் அப்போதும் வரக் கூடாது. அலைவரிசையின் பெயரே அந்த 20 கெஜத்தால் வந்தது. ஆட்டத்தின் ஒலியை அடக்கி விளம்பரத்தின் ஒலியை ஏற்றுவது எந்த நிலையிலும் வேண்டாம். நாளின் இறுதியில், அன்று எல்லா ஊர்களிலும் விழுந்த டச் டவுன்கள் அனைத்தையும் ஒன்றுவிடாமல் தொகுத்துக் காட்டுகிறீர்களே, அதன் நடுவே எதையும் செருகாதீர்கள். ஏழு மணி நேரம் முடிந்து வெளியே இருட்டியிருக்கும் வேளையில், தோற்ற அணியின் டச் டவுனும் வென்ற அணியின் டச் டவுனும் வரிசையாக வந்துபோகும் அந்தச் சில நிமிடங்களை, நாங்கள் மூவரும் பேசாமல் உட்கார்ந்து பார்க்கிறோம்.

அடுத்த பருவத்தின் கால அட்டவணை வெளியாகும் நாளுக்குள் உங்கள் முடிவைப் பார்வையாளர் அனைவருக்கும் அறிவிக்குமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
டெக்சஸிலிருந்து ஒரு தமிழ்ப் பார்வையாளர்